மணியும் வணக்கமும்

சிறியதொரு சொல்லுக்குள் நெடியதொரு வரலாறு அடங்கிக் கிடப்பது உண்டு. ஆங்கிலத்தில் 'பீட்' என வழங்கும் சொல் அத்தகையது. துளையிட்டு நூலில் கோக்கப்படும் சிற்றுருண்டைக்கு, அதாவது நாம் 'மணி' என்று கூறும் பொருளுக்கு, ஆங்கிலேயர் வழங்கும் பெயர் அது. பெருமையைக் குறிக்கும் 'பீடு' என்னும் நம் செந்தமிழ்ச் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இருப்பது ஓசை ஒற்றுமை மட்டுமே.

நாம் வாழும் பம்மலிலும், அதனை அடுத்த பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை ஆகிய பகுதிகளிலும் இச்சொல் ஆங்கிலம் கல்லாதவர் நாவிலும் நடமாடுகிறது. தச்சர், கதவின் விளிம்பிலும் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்திலும் அடிக்கும் மெல்லிய மரப்பட்டையைப் 'பீடிங்' என்கிறார். டயர் பழுது பார்ப்பவர், சக்கரத்தின் இரும்பு வட்டத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் டயரின் உள்விளிம்பைப் 'பீட்' என்கிறார். வெல்டிங் பட்டறையில், உருகி ஓடி உறைந்த உலோக வரிக்கும் அதே பெயர். துப்பாக்கியின் முனையில் குறிபார்ப்பதற்கு வைத்த குமிழையும், நெற்றியில் அரும்பும் வியர்வைத் துளியையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே குறிப்பர். வெண்காரத்தைப் பிளாட்டினக் கம்பியின் நுனியில் உருக்கி மணியாக்கி, அது ஏற்கும் நிறங்கொண்டு உலோகத்தை இனங்காணும் சோதனையை வேதியியல் பயின்ற நம் பிள்ளைகள் அறிவர். அதுவும் இச்சொல்லைத் தாங்கியதே.

இப்பொருள்கள் யாவும் உருண்டை வடிவத்திலிருந்தும், விளிம்பில் ஓடும் வரியிலிருந்தும் கிளைத்தவை. ஆயினும் அச்சொல்லின் முதற்பொருள் இவற்றுள் எதுவும் அன்று; மணியும் அன்று. அதன் முதற்பொருள் பிரார்த்தனை என்பதாகும்.

வணக்கம் பொருளான கதை

பழைய ஆங்கிலத்தில் 'யெபெட்' என்றொரு சொல் இருந்தது. இறைவனிடம் வேண்டுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்துக்கு உறவு மொழியாகிய ஜெர்மனில் இன்றும் பிரார்த்தனைக்குக் 'கெபேட்' என்றே பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் முன்னசையை இழந்து, வேண்டுதலைக் குறித்து நெடுங்காலம் வழங்கிற்று.

ஐரோப்பியக் கிறித்துவ மடங்களில் சங்கீதங்கள் நூற்றைம்பதையும் ஓதுவது கற்றோர் வழக்கம். எழுத்தறியாத எளியோர் அதற்கு ஈடாக ஒரே பிரார்த்தனையை நூற்றைம்பது முறை ஓதினர். எண்ணிக்கை தவறாதிருக்க முடிச்சிட்ட கயிற்றையும், கோத்த மணிகளையும் கையாண்டனர். பிரார்த்தனையை எண்ணுதலும் மணியை நகர்த்துதலும் ஒரே செயலாய் இணைந்தன. ஒரு மணி நகர்ந்தால் ஒரு வேண்டுதல் முடிந்தது. காலப்போக்கில் வேண்டுதலின் பெயர் மணியின் மேல் ஏறிக்கொண்டது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய காண்டர்பரிக் கதைகளில் வரும் கன்னிமடத் தலைவி, பவள மணிமாலை ஒன்றைக் கையில் அணிந்திருக்கிறாள். அங்கே அச்சொல் மணியையே குறிக்கிறது.

மணிகளைக் கொண்டு ஓதுவதை ஆங்கிலேயர் மணிகளை 'டெல்' செய்வது என்பர். அச்சொல்லுக்கு இன்று 'சொல்லுதல்' என்பது பொருள். அன்று அதற்கு 'எண்ணுதல்' என்ற பொருளும் இருந்தது. வங்கியில் பணத்தை எண்ணித் தருபவருக்கு 'டெல்லர்' என்ற பெயர் வந்ததும் இதனாலேயே. போர்ச்சுகீசிய மொழியிலோ மணிக்கும் கணக்குக்கும் 'கோன்ட்டா' என்று ஒரே சொல். பம்மலுக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையில் 1523ஆம் ஆண்டு தேவாலயம் எழுப்பிய போர்ச்சுகீசியர், மணியைக் கணக்கு என்றனர். அவர்களுக்குப் பின் இப்பகுதியில் பாசறை அமைத்த ஆங்கிலேயர், அதே மணியைப் பிரார்த்தனை என்றனர். எண்ணுதல், வேண்டுதல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அம்மாலை என்பதற்கு இவ்விரு சொற்களே சான்று.

பின்னர் இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தம் தோன்றியது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1538இல் பிறந்த அரச ஆணைகள், பொருளுணராமல் மணிகளை உருட்டி ஓதுவதைக் கண்டித்தன. மாலை உருட்டும் வழக்கம் மங்கியது; சொல் மட்டும் நிலைத்தது. இன்று ஆங்கிலம் பேசுவோருள் பெரும்பாலோர் 'பீட்' என்னும்போது பிரார்த்தனையை நினைப்பதில்லை. உயிர் பிரிந்தபின் உடல் மட்டும் எஞ்சியது போன்ற நிலை இது.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துதல் நலம். சிலுவைப் போர்களின்போது முஸ்லிம்களிடமிருந்தே ஐரோப்பியர் மணிமாலையைக் கற்றனர் என்று நம்மவர் சிலர் எழுதுவதுண்டு. இதனை அவ்வளவு எளிதாக முடிவு கட்ட இயலாது. சிலுவைப் போருக்கான முதல் அழைப்பு 1095இல் எழுந்தது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே மறைந்த இங்கிலாந்துச் சீமாட்டி கொடைவா, தாம் பிரார்த்தனைகளை எண்ணுவதற்குப் பயன்படுத்திய மணிச்சரத்தைக் கோவென்ட்ரி மடத்துக்கு விட்டுச் சென்றதாக, பன்னிரண்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் எழுதியுள்ளார். இந்து, பௌத்த சமயத்தாரிடமும் நூற்றெட்டு மணிகள் கொண்ட ஜபமாலை தொன்றுதொட்டு உள்ளது. நமக்கு உரியதைச் சொல்வதே நமக்குப் பெருமை. உரிமை உறுதிப்படாததைச் சொல்வது பெருமையாகாது.

நம் வீட்டுச் சொல்லும் அவ்வாறே

ஆங்கிலேயர் செய்ததைக் கண்டு வியக்கும் நாம், நம் இல்லத்தில் வழங்கும் சொல்லை எண்ணிப் பார்த்தோமா? "அந்தத் தஸ்பீஹை எடுத்து வாம்மா" என்று முதியவர் பேத்தியிடம் கேட்கும்போது, அவர் கேட்பது மணிமாலையை. அரபியில் 'தஸ்பீஹ்' என்பது மாலை அன்று. இறைவன் எல்லாக் குறைகளினின்றும் தூயவன் எனப் போற்றித் துதிக்கும் செயல் அது. மாலைக்கு அரபியர் இட்ட பெயர்கள் 'ஸுப்ஹா', 'மிஸ்பஹா' என்பன. தமிழ் முஸ்லிம்களும், உருது பேசுவோரும், 'தெஸ்பிஹ்' என்று கூறும் துருக்கியரும் செயலின் பெயரையே கருவிக்குச் சூட்டிவிட்டனர். ஆங்கிலச் சொல் நடந்த அதே பாதையில் நம் சொல்லும் நடந்திருக்கிறது. அச்சொல் பாதையின் முடிவில் பொருளை இழந்து நின்றது. நம் சொல் இன்னும் இழக்கவில்லை. அது இழக்காதிருப்பது நம் கையில்தான் உள்ளது.

தமிழின் மணி

தமிழில் மணி என்னும் சொல்லின் பரப்பு மிக அகன்றது. கோக்கும் மணி, நவமணிகள் எனும் இரத்தினம், நெல்மணி, ஒலிக்கும் மணி, கண்ணின் மணி, கையின் மணிக்கட்டு எனப் பலவும் அதனுள் அடங்கும். மணி அடித்துப் பொழுதை அறிவித்ததால் பொழுதின் அளவும் மணியாயிற்று. ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் குறிக்கும் 'கிளாக்' என்ற சொல்லும் ஒலிக்கும் மணியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால், ஆங்கிலம் வேண்டுதலிலிருந்து மணிக்கு வந்தது. தமிழோ அழகிலிருந்தும் அருமையிலிருந்தும் தொடங்கியது. அருமை மகவைக் 'கண்மணி' என்று நாம் அழைப்பதில் அத்தொடக்கம் இன்றும் ஒலிக்கிறது.

சொல் மட்டுமன்று, பொருளும் இம்மண்ணில் செழித்தது. மணி அணியும் வழக்கம் மாந்தரினத்தின் மிகத் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. மொராக்கோ நாட்டின் பிஸ்மூன் குகையில் கண்டெடுக்கப்பட்ட துளையிட்ட சிப்பி மணிகள் ஏறத்தாழ 1,40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதல் அடையாளங்கண்டது நம் பக்கத்துப் பல்லாவரத்தில்தான். கல்லை உடைத்துக் கருவி செய்த கை, நெடுங்காலத்துக்குப்பின் கல்லைத் துளைத்து மணியும் செய்தது.

பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் புகழப்படும் ஊர், ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலே என அறிஞர்கள் கொள்வர். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் முதலியவற்றில் மணி செய்த தொழிற்கூடங்களின் தடயங்கள் வெளிப்பட்டன. பாதி துளையிட்ட மணிகளும், மெருகிடாத மணிகளும், கழித்தெறிந்த சில்லுகளும் அங்கே கிடந்தன. ஈமக்குழி ஒன்றிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. பழனிக்கு அருகேயுள்ள பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன.

புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டின் புகழ் கடல் கடந்தது. அங்கே 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்தனர். உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்குமாறு நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாதிருக்கச் சாம்பல் இட்டு மீண்டும் சுடவைத்து விளிம்பு மழுங்கச் செய்வது அவர்தம் முறை. ஒரு குழலிலிருந்து எண்ணற்ற மணிகள் பிறக்கும். இம்முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததை, மணி வரலாற்றில் வல்லவரான அமெரிக்க அறிஞர் பீட்டர் பிரான்சிஸ் எடுத்துக்காட்டினார். இவ்வகை மணிகள் இலங்கையின் மாந்தை, தாய்லாந்து, மலேயா, வியட்நாம் எனப் பல கரைகளில் கிடைத்துள்ளன. எழுதப்பட்ட ஏடு அழிந்த இடத்திலும் அழியாமல் நின்று வணிகத்தின் வழியைக் காட்டுவது இச்சிறு மணியே.

எனினும் பெயரில் மணி இருப்பதெல்லாம் மணி வணிகம் ஆகிவிடாது. 'மணிக்கிராமம்' என்னும் வணிகர் குழுவின் பெயர், வணிகரைக் குறிக்கும் 'வணிக்' என்னும் சொல்லின் திரிபு என்பர் அறிஞர். கி.பி. 849இல் எழுந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு அக்குழுவைக் குறிப்பிடுகிறது. அச்செப்பேட்டிலேயே கூஃபி அரபி எழுத்தில் முஸ்லிம் வணிகர்கள் சாட்சிக் கையொப்பம் இட்டுள்ளனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

துளையும் தோலும்

அரபியில் மணிக்குக் 'கரஸ்' என்று பெயர். அதே வேரிலிருந்து தோலைத் துளைத்துத் தைத்தலுக்கும் சொல் பிறக்கிறது. தோல் தைக்கும் ஊசி 'மிக்ரஸ்'. தோல் தைப்பவர் 'கர்ராஸ்'. பக்தாதின் பெரும் ஸூஃபியும், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டினருமான அபூஸயீத் அல்கர்ராஸ் (ரஹ்) அவர்களின் பெயரில் அத்தொழில் நிலைத்திருக்கிறது. மணிக்கும் தோலுக்கும் என்ன உறவு? துளைத்துக் கோத்தல் ஒன்றே உறவு. பம்மல், நாகல்கேணிப் பகுதிகளோ தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்றவை. குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோல் தொழிலிலும் தோல் வணிகத்திலும் பல தலைமுறையாக ஈடுபட்டுள்ள நம் தமிழ் முஸ்லிம் குடும்பத்தார்க்கு இச்சொல்லுறவு அணுக்கமானதே.

ஒரு மணி, மூன்று பயன்கள்

மார்க்கத்தின் பார்வையில் மணிக்கு மூன்று பயன்கள் உண்டு. ஒன்று அணி, மற்றொன்று காப்பு, பிறிதொன்று எண்ணிக்கை. மணி ஒன்றே, அதனை ஏந்தும் கருத்துத்தான் வேறுபடுகிறது.

அணியாக மணியைப் பூணுதல் பெண்களுக்கு ஆகுமானது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை இருமுறை நம் வரலாற்றில் இடம்பெறுகிறது. பயணம் ஒன்றில் அம்மாலை தொலைந்தது. அதனைத் தேடுவதற்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அங்கேயே தங்கினார்கள். உடன் சென்ற படையும் தங்கிற்று. அவ்விடத்தில் தண்ணீர் இல்லை, மக்களிடமும் இல்லை. மகளால் வந்த இடர் கண்டு அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். அண்ணலார் தம் மடியில் தலைவைத்துத் துயின்றமையால் அன்னையார் அசையாதிருந்தார்கள். விடிந்தபோது, தண்ணீர் கிட்டாதவர் தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யலாம் என்னும் இறைவசனம் இறங்கிற்று. பின் ஒட்டகத்தை எழுப்பியபோது, மாலை அதன் அடியில் கிடந்தது. காணாமற்போன சிறு மாலை ஒன்றின் வழியே, உலகம் உள்ளளவும் நோயாளிக்கும் வழிப்போக்கருக்கும் உரிய சலுகை நமக்கு வந்து சேர்ந்தது. மற்றொருமுறை தொலைந்தது யமன் நாட்டு ளிஃபார் மணிமாலை. அதைத் தேடிச் சென்றதால் கூட்டத்தினின்றும் பிரிய நேர்ந்த அன்னையார்மீது நயவஞ்சகர் அவதூறு பரப்பினர். 'அந்நூர்' அத்தியாயத்தில் இறைவனே அவர்களின் தூய்மையை நிலைநாட்டினான்.

காப்பாக மணியைக் கட்டுவது வேறு. அறியாமைக் காலத்து அரபியர், கண்ணேறு படாதிருக்கப் பிள்ளைகளுக்குப் புள்ளி மணிகளை வாரில் கோத்துக் கட்டினர். அதற்குத் 'தமீமா' என்று பெயர். விசுவாசப் பிரமாணம் செய்ய வந்த பத்துப் பேருள் ஒருவரிடம் மட்டும் அண்ணலார் (ஸல்) கைகொடாது நின்றார்கள். அவர் தமீமா அணிந்திருந்ததே காரணம். அவர் அதை அறுத்தெறிந்தபின் ஏற்றுக்கொண்டார்கள் என்று உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். பச்சிளங் குழந்தையின் கையில் கருமணியும் வசம்பும் கட்டும் நம் தாய்மார்கள் இச்செய்தியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது நம் கருகமணி. தமிழ் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் மணநாளன்று மணமகள் கழுத்தில் கருகமணி கட்டப்படுகிறது. அது வட்டார வழக்கம். நிக்காஹ்வின் நிபந்தனை அன்று. நிக்காஹ் நிறைவேறுவது வலியின் பொறுப்பாலும், இருதரப்பின் ஒப்புதலாலும், சாட்சிகளாலும். மணமகளுக்கு உரித்தான மஹர் மணமகன்மீது கடமையாகிறது. கருகமணியை அழகெனக் கொண்டு அணிந்தால் அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் சரம் அறுந்தால் கணவருக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சுவோரும் நம்மிடை உண்டு. அந்த அச்சம் புகுந்த கணமே அணி தமீமாவாகிவிடுகிறது. அறுந்த நூலை மாற்றிக் கோத்துக்கொள்ளலாம். அறுந்த நம்பிக்கையைக் கோப்பது அரிது.

விரலும் மணியும்

எஞ்சியது எண்ணிக்கை. அண்ணலார் (ஸல்) தஸ்பீஹைத் தம் வலக்கையால் எண்ணினார்கள் என்பதும், விரல்கள் மறுமையில் வினவப்பட்டுப் பேசவைக்கப்படும் ஆதலின் அவற்றால் எண்ணுமாறு பெண்களுக்குப் பணித்தார்கள் என்பதும் ஹதீதுகளில் வந்துள்ளன. ஆகவே விரலே முதன்மை உடையது, இதில் ஐயமில்லை. ஒரு பெண்மணி கற்களை முன்வைத்து எண்ணக்கண்டு, அதனினும் எளியதும் சிறந்ததுமான துதியை அண்ணலார் கற்பித்ததாக மற்றோர் அறிவிப்பும் உண்டு. அதன் தொடர் குறித்து ஹதீதுக் கலைஞர் கருத்து வேறுபட்டுள்ளனர். பள்ளியில் வட்டமாக அமர்ந்து கற்களால் எண்ணியோரை இப்னு மஸ்ஊத் (ரலி) கண்டித்த செய்தியும் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஜுனைத் அல்பக்தாதி (ரஹ்) அவர்களின் கையில் ஸுப்ஹாவைக் கண்டவர், இத்தனை உயர்ந்த தங்களுக்குமா இது என வினவினார். தம்மை இறைவனிடம் சேர்த்த வழியைக் கைவிட மனமில்லை என அவர்கள் விடையிறுத்தார்கள். ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் ஸுயூத்தி (ரஹ்) ஸுப்ஹாவை ஆதரித்துத் தனிநூலே இயற்றினார்கள். கடும் ஆய்வாளரான இப்னு தைமிய்யா (ரஹ்) கூட, விரலே சிறந்தது எனக் கூறிவிட்டு, மணியை நல்லெண்ணத்துடன் பயன்படுத்துவதில் குற்றமில்லை என்றே கருதினார்கள். பிறர் காணக் கழுத்திலும் கையிலும் அணிந்து பகட்டுவதையே வெறுத்தார்கள்.

இத்தனை பெரியோர் இவ்வளவு நிதானமாகப் பேசிய ஒரு செய்தியில், நம் குடும்பங்கள் இன்று இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். பாட்டனாரின் கையிலிருந்த தஸ்பீஹைப் பேரன் பித்அத் என்று கூறிப் பறிக்கிறான். பேரனின் தொழுகையைப் பாட்டனார் குறை கூறுகிறார். முப்பத்துமூன்று மணிகளின் பொருட்டு முப்பது ஆண்டு உறவு முறிகிறது. விரலில் எண்ணுபவர் சுன்னத்தைப் பற்றியவர். அவரைப் பழிப்பது தகாது. நினைவு தளர்ந்து விரல் நடுங்கும் முதுமையில் மணியைத் துணைக்கொள்பவர் திக்ரை விரும்புபவர். அவரை வைவதும் தகாது. இன்று பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் சிறு கருவியும், கைபேசிச் செயலியும் வந்துவிட்டன. அவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

அன்னை ஜுவைரிய்யா (ரலி) அவர்கள் வைகறைத் தொழுகை முடிந்து வெயில் ஏறும் வரை ஓதிக்கொண்டே அமர்ந்திருந்தார்கள். திரும்பி வந்த அண்ணலார் (ஸல்), தாம் இடையில் மும்முறை கூறிய நான்கு சொற்றொடர்கள் அவ்வளவு நேர ஓதலையும் நிறுத்தால் விஞ்சிவிடும் என்றார்கள். எண்ணிக்கையைவிட உணர்வின் கனமே பெரிது என்பதை இதைவிடத் தெளிவாக எவர் உரைப்பார்?

ஆங்கிலச் சொல் நமக்குத் தரும் பாடம் இதுவே. வேண்டுதலைக் குறித்த சொல், வேண்டுதல் நின்றபின் மரப்பட்டைக்கும் டயர் விளிம்புக்கும் பெயராயிற்று. அதில் தச்சருக்கோ தொழிலாளருக்கோ குற்றமில்லை. அவர்கள் கிடைத்த சொல்லை நேர்மையாகப் பயன்படுத்துகின்றனர். நம் இல்லத்திலோ தஸ்பீஹ் என்ற பெயர் இன்னும் மணிமேல் இருக்கிறது. அம்மணி சுவராணியில் தொங்கும் அலங்காரமாகாமல், நாவிலும் நெஞ்சிலும் துதி உயிரோடிருக்கும் வரையில் அப்பெயர் பொருந்தும். துதி நின்றுவிட்டால் அது வெறும் மணி. துதி நிலைத்தால் மணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தஸ்பீஹ் தஸ்பீஹே. வல்ல இறைவன் நம் நாவுகளைத் தன் துதியால் ஈரமாகவும், நம் குடும்பங்களை ஒரே நூலில் கோத்த மணிகளாகவும் ஆக்கியருள்வானாக!